பாட்டியின் கைநாட்டு

சென்ற அரையாண்டுத் தேர்வுக்குப் பின் மதிப்பெண் அட்டைகளைத் திருப்பித் தந்தபோது, எங்கள் தோழி ஒருத்தியின் அட்டையில் பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அவளை வளர்க்கும் பாட்டிக்கு எழுதத் தெரியாது. எங்களில் சிலர் சிரித்துவிட்டோம். விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டர் அந்த அட்டையைக் கையில் வாங்கி, “உங்கள் அப்பாவின் கையொப்பத்தை நீங்களே போட்டுவிடலாம், இதை வேறு ஒருவராலும் போட முடியாது” என்றார். அன்று சிரித்த நாங்களே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயங்களை ஆராய்ந்து நீதிமன்றத்திற்கு உதவும் துறையே தடய விஞ்ஞானம். இது நேற்றுப் பிறந்ததன்று. சீன நாட்டு நீதிபதி சோங் ட்ஸு 1247-இல் எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவன் அரிவாளால் கொல்லப்பட்டான். விசாரித்த அதிகாரி, அக்கம்பக்கத்தார் அரிவாள்களை எல்லாம் வரிசையாகத் தரையில் வைக்கச் சொன்னார். ஒன்றில் மட்டும் ஈக்கள் மொய்த்தன. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை ஈக்கள் அறிந்துகொண்டன! நம் சென்னையிலும் 1849-இலேயே இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது.

ஆனால் கைநாட்டின் கதையைத் தேடினால் வங்காளத்திற்குத்தான் போக வேண்டும். 1858-இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை வேலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிக்கச் செய்தார். பின்னால் பேச்சு மாறாமலிருக்க ஒரு பயமுறுத்தல், அவ்வளவே. பிறகு பலருடைய ரேகைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான், ஆண்டுகள் சென்றாலும் அவை மாறுவதில்லை என்று கண்டார். (இது கைரேகை சோதிடம் அன்று, விரல் நுனியிலுள்ள நுண்ணிய வரிகளைப் பற்றியது.) ஜப்பானில் பணிபுரிந்த மிஷனரி மருத்துவர் ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க இவ்வரிகள் உதவும் என்று 1880-இல் எழுதினார்.

ஆயினும் ஆயிரக்கணக்கான தாள்களில் ஒருவருடைய தாளை எப்படித் தேடி எடுப்பது? இதற்கு வழி கண்டவர் கல்கத்தாவில் போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிஸுல் ஹக் என்ற கணித மாணவர். விரல் வரிகளில் வில், கண்ணி, சுழி என வகைகள் உண்டு. பத்து விரல்களையும் ஐந்து ஜோடிகளாக்கி, சுழி இருந்தால் முதல் ஜோடிக்கு 16, அடுத்தவற்றுக்கு 8, 4, 2, 1 என மதிப்பளித்தார். ஜோடியில் ஒரு விரலின் மதிப்பு மேலேயும் மற்றதன் மதிப்பு கீழேயும் சேரும். இரண்டிலும் ஒன்று கூட்டினால் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 என ஆக 1024 அறைகள்! பின்னம் தெரிந்தால் உரிய அறையை மட்டும் திறந்து பார்த்தால் போதும். அவருடன் உழைத்த ஹேம் சந்திர போஸ் இம்முறையை மேலும் விரித்தார்.

1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கொலையுண்டார். பணம் களவு போயிற்று. அங்கிருந்த பஞ்சாங்கத்தில் ஒரு பெருவிரலின் இரத்தக் கறை. அது முன்னாள் வேலையாள் காங்காலி சரணின் விரலோடு பொருந்தியது. ஆனால் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. அவன் அங்கே வந்தான் என்று ரேகை சொன்னது. கொன்றான் என்று சொல்லவில்லையே! எங்களுக்கு மிகவும் பிடித்தது இத்தீர்ப்புதான்.

1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இதே முறையை ஏற்றது. பெயரோ “ஹென்றி முறை” என்றே நிலைத்தது. ஹக்குக்கும் போஸுக்கும் பட்டமும் ஐயாயிரம் ரூபாயும் கிடைத்தன, அதுவும் பல ஆண்டுகள் கழித்து. கணக்குப் போட்டவர் பெயர் கணக்கில் இல்லாதது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு சனிக்கிழமை முத்திரை மைப்பெட்டியைக் கடன் வாங்கி நாங்களும் வகுப்பு முழுவதையும் பதித்துப் பார்த்தோம். அசப்பில் ஒன்றாக இருக்கும் எங்கள் இரட்டைச் சகோதரியரைச் சிஸ்டர்களே மாற்றி அழைப்பதுண்டு. ஆனால் அவர்கள் விரல்கள் வேறுபட்டன. சுழியே இல்லாதவர்கள் எல்லோரும் 1/1 என்ற அறையில் நெருக்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை எங்கள் தோழி பாட்டியின் பத்து விரல்களையும் பதித்த தாளைக் கொண்டு வந்தாள். வயலில் உழைத்து ஓரிரு வரிகள் தேய்ந்திருந்தன. வலப் பெருவிரல், வல மோதிரவிரல், இடப் பெருவிரல் மூன்றிலும் சுழி. கணக்கிட்டோம்: 13/17. எங்கள் வகுப்பில் அந்த அறை காலியாக இருந்தது. பாட்டியை அதில் வைத்தோம்.