குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்போம்

காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை சேரும் வேளையில் அங்கே சென்றிருக்கிறீர்களா? கொட்டிக் கிடக்கும் மீன் குவியலின் முன் அமர்ந்து, வஞ்சிரம் ஒருபக்கம், சங்கரா ஒருபக்கம், காரப்பொடி ஒருபக்கம் என்று கண் மூடித் திறப்பதற்குள் ரகம் பிரித்துவிடும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகலை மாணவ மாணவியருக்கு நான் கற்பிக்கும் பாடமும் ஏறத்தாழ இதுதான் என்றால் சிரிப்பீர்கள். இராயபுரத்தில் வளர்ந்தவளுக்கு வேறென்ன உவமை வரும்!

"உன் பாடத்தைப் பற்றி ஆண்டுமலருக்கு எழுதித் தா, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வேண்டும்" என்று சிஸ்டர் கேட்டார்கள். செல் மரபியல், மூலக்கூறு நோயறிதல் என்பன பாடங்களின் பெயர்கள். பெயரைக் கேட்டு ஓடிவிட வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயின் காரணத்தை அறிவது முதலாவது. அந்தக் குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ.யில் ஒரு சிறு துண்டை மட்டும் தேடிப் பிடிப்பது இரண்டாவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியலுக்கென்றே ஒரு துறை உண்டு; உயிர்மருத்துவ மரபியலில் அங்கே முதுகலைப் பட்டம் பெறலாம்.

சோதனைக்கு வருவது ஐந்து மில்லி இரத்தம். சிவப்பணுவில் உட்கரு கிடையாது. ஆகவே வெள்ளணுதான் நமக்கு வேண்டும். அதுவோ இரத்தத்தில் சும்மா மிதக்குமே தவிர இரண்டாகப் பிரியாது. பிரியும் வேளையில்தான் குரோமோசோம்கள் சுருண்டு தடித்துக் கண்ணுக்குத் தெரியும். எனவே அதைத் தூண்டிவிட ராஜ்மா பயற்றிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் 72 மணி நேரம் வைக்கிறோம். அந்த மூன்று நாளும் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மாணவிகள் வேண்டிக்கொள்வது தனிக்கதை.

மூன்றாம் நாள், பிரிந்துகொண்டிருக்கும் செல்களை அதே நிலையில் நிறுத்தியாக வேண்டும். அதற்குரிய மருந்து கொல்கிசின், அல்லது அதற்கு உறவான ஒரு பொருள். இந்தக் கொல்கிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம் மாநில மலராகிய செங்காந்தளில்! கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றெல்லாம் வழங்கும் இக்கொடியை மூலனூர், தாராபுரம் பக்கங்களில் வயலிலேயே பயிரிட்டு, விதையை மருந்துக்காக விற்கிறார்கள். கிழங்கு கொடிய நஞ்சு. குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகளை உருவாகவிடாமல் தடுப்பதுதான் அந்த நஞ்சின் வேலை. உயிரைக் கொல்லும் அதே குணம் சோதனைக் குழாயில் நமக்கு உதவுகிறது.

இதே கொல்கிசினைக் கையாண்டு உலகப் புகழ் பெற்ற பெண்மணி ஒருவர் நம் சென்னையில் இருந்தார். 1897-இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார்; மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்தார்; 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-இல் நூலாக்கினார். பின்னர் அங்கேயே மக்னோலியாச் செடிகளில் கொல்கிசினைச் செலுத்திக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை உழைத்து 1984-இல் மறைந்தார். அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இன்னும் நாலு வரி கூடுதலாக இருந்தால் குறைந்தா போய்விடும்?

மீண்டும் நம் குழாய்க்கு வருவோம். உப்பு குறைந்த கரைசலில் செல்லை ஊதச் செய்து, கண்ணாடித் தகட்டின் மேல் சற்று உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுவோம். செல் பரவிக் குரோமோசோம்கள் விலகி விழும். சாயமேற்றினால் ஒவ்வொன்றிலும் புடவைக் கரைபோலக் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரியும். இனிமேல்தான் மீன் பிரிக்கும் வேலை: அளவையும் கோடுகளையும் பார்த்து ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். பெரியது 1, அடுத்தது 2 என்று எண்ணிட்டுப் போனார்கள். 21, 22-ஆம் குரோமோசோம்களில் மட்டும் சிறியது 21 என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பெயர் பழகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். 1923-இல் பெயின்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று எழுதினார். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் பார்த்தவர்கள் பெரும்பாலும் 48 என்றே எண்ணினார்கள்! 1956-இல் சுவீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லேவானும்தான் 46 என்று நிறுவினார்கள். மூன்றாண்டு கழித்துப் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 இருப்பது தெரியவந்தது. அங்கே செல் வளர்க்கும் கூடத்தை அமைத்தவர் மார்த் கோத்தியே என்னும் பெண் டாக்டர். பணவசதியில்லாமல் தம் இரத்தத்தையே அந்த வேலைக்கு எடுத்துக் கொடுத்தார். 1959-இல் வெளிவந்த கட்டுரையில் லெழெனின் பெயர் முதலில் நிற்க, இவர் பெயர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு அச்சாயிற்று.

இனி என் வகுப்பில் நடந்த ஒன்று. ஒரு மாணவி இருபது செல்களை எண்ணி முடித்து, "எல்லாவற்றிலும் 46 மேடம், நார்மல் என்று எழுதட்டுமா?" என்றாள். "சீட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்?" என்றேன். டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. "அப்படியானால் உட்கார்ந்து ஜோடி சேர்" என்றேன். மாலை நாலரை மணிக்கு எழுந்து வந்தாள். 14-ஆம் ஜோடியில் ஒன்றின் தலையில் இன்னொரு 21 ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரி; ஆனால் 21-இன் சரக்கு மூன்று.

குழந்தையின் தாய் வடசென்னைப் பெண். கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார், இல்லை, எண்ணூர்ப் புகைதான் என்று அக்கம்பக்கம். தாயின் இரத்தத்தைச் சோதித்தோம். 45 குரோமோசோம்கள்! 14-உம் 21-உம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் சரக்கு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆலைப்புகை நுரையீரலுக்குக் கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒட்டு அவர் பிறக்கும்போதே உடன் வந்தது. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அடுத்த குழந்தைக்கும் வருமா, டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார். இத்தகைய தாய்க்கு ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வாய்ப்பு உண்டு. சாதாரணமாக 21 மூன்றாக வருவதென்றால் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லியனுப்பியிருப்போம். "நார்மல்" என்று எழுதியிருந்தால் எதுவுமே சொல்லியிருக்க மாட்டோம். கணக்கைச் சொன்னோம், என்ன செய்வதென்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலிருப்பதும் பாடத்தில் ஒரு பகுதி.

இரண்டாவது பாடத்தை 2020-க்குப் பிறகு விளக்கத் தேவையில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை அறியாதவர் யார்? டி.என்.ஏ.யைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, முப்பது சுற்று ஓட்டினால் ஒரு துண்டு 107 கோடியாகப் பெருகும். கேரி மல்லிஸ் 1983-இல் கண்ட முறை இது. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். இம்முறையில் சில மணி நேரமே. பெருக்கம் இப்படியிருப்பதால் தூசி அளவு அழுக்கும் 107 கோடியாகிவிடும். ஆகவே வெறும் நீர் மட்டும் விட்ட குழாய் ஒன்றைக் கூடவே ஓட்டுவோம். அதில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு. ஒரு மாணவி அழுதேவிட்டாள். நீர்க் குழாயை மறைக்காமல் காட்டினாளே என்று அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இன்னொன்று. கருவிலிருக்கும் குழந்தையின் பனிக்குட நீர் சோதனைக்கு வந்தால், ஆணா பெண்ணா என்பது நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் சிறை. மாணவியர் முதல் வாரமே இதைக் கற்கிறார்கள். உறவினர்கள் வாசலில் நின்று, "இனிப்பு வாங்கட்டுமா என்று மட்டும் சொல்லுங்களேன்" என்று சாடையாகக் கேட்பதும் உண்டு. பதில் பேசாமல் உள்ளே வந்துவிட வேண்டும்.

அந்த 46 குரோமோசோம் தகட்டைப் பெயர் நீக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து எண்ணச் சொல்வேன். பெரும்பாலோர் அரை மணியில் "46, நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.