மூட்டு வலி மாத்திரை குடலைக் கெடுக்குமா?

நடவுக் காலம். வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் வயல். காலையில் குனிந்த முதுகு சாயங்காலம்தான் நிமிர்கிறது. இடுப்பு கழன்று விழுவது போல வலி! வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடை இருக்கிறது.

"அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க!"

கடைக்காரர் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று எடுத்துத் தாளில் மடித்துக் கொடுக்கிறார். பெயர் கிடையாது. டாக்டர் சீட்டும் கிடையாது. மறுநாள் வலி பறந்துவிடுகிறது. மூன்றாம் நாள் திரும்பி வருகிறது. மறுபடியும் இரண்டு மாத்திரை. இப்படியே மாதங்கள் ஓடுகின்றன. கடலூர் துறைமுகத்திலிருந்து கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கும் இதே கதைதான்.

பிறகு ஒரு நாள் வயிற்று வலி. பேதி. மலத்தோடு இரத்தம்! "உடம்புச் சூடு, மோர் குடி" என்கிறாள் மாமியார். "மூலமாக இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த மாத்திரையை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

சந்தேகிக்கலாமா?

காவல் போன குடல்

வலி மாத்திரைகளில் இபுபுரோபன், டைக்ளோபினாக் என்பவை பேர் போனவை. இபுபுரோபனை 1961-ல் இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்து நம் கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் தயாராகிறது.

வலியை எழுப்பும் ஒரு பொருளை நம் உடம்பே சுரக்கிறது. அதன் பெயர் புராஸ்டகிளாண்டின். மாத்திரை அதைச் சுரக்க விடாமல் தடுக்கிறது. வலி போகிறது. இதை 1971-ல் கண்டு சொன்ன ஜான் வேன் என்ற விஞ்ஞானிக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே பொருள்தான் வயிற்றின், குடலின் உள்பூச்சைக் காவல் காக்கிறது! வலியை அடக்கும்போது காவல்காரனும் போய்விடுகிறான். குடலில் புண் உண்டாகிறது.

விழுங்கும் காமிரா

வயிற்றுப் புண் எல்லோருக்கும் தெரிந்தது. சிறுகுடல் சுமார் இருபது அடி நீளம். அதற்குள் எட்டிப் பார்ப்பது எளிதல்ல. மாத்திரை போல விழுங்கக்கூடிய காமிரா வந்த பிறகுதான் விஷயம் தெளிவாகத் தெரிந்தது.

அமெரிக்காவில் டேவிட் கிரகாம் என்ற டாக்டர், வலி மாத்திரையை வழக்கமாகச் சாப்பிட்டு வந்த 21 பேருக்கு இந்தக் காமிராவைக் கொடுத்தார். 2005-ல் முடிவு வந்தது. நூற்றுக்கு 71 பேர் கணக்கில் சிறுகுடல் கெட்டிருந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களில் அது நூற்றுக்குப் பத்துதான்! பலருக்குச் சின்னக் கீறல்கள். சிலருக்குப் பெரிய புண்கள்.

நோயே வருமா?

புண் வேறு, தீராத குடல் அழற்சி நோய் வேறு. அந்த நோயில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பெருங்குடலைப் புண்ணாக்கும் 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்'. மற்றொன்று குரோன் நோய். ஒரு முறை வந்தால் ஆண்டுக் கணக்கில் வைத்தியம் செய்ய வேண்டும்.

டாக்டர் அசுவின் அனந்தகிருஷ்ணன் குழுவினர் அமெரிக்காவில் 76,795 பெண்களின் கணக்கை எடுத்து, 2012-ல் வெளியிட்டார்கள். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் வலி மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு இந்த இரு நோய்களும் சற்று அதிகமாக வந்திருந்தன.

எவ்வளவு அதிகம்? சிதம்பரம் தேர்த் திருவிழாவில் ஒரு லட்சம் பெண்கள் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் அதில் ஒவ்வொரு நோய்க்கும் ஆறேழு பேர் கூடுதல். அவ்வளவுதான்! ஆகவே ஒரு நாள் மாத்திரை போட்டுக்கொண்டவர் அலற வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் நோய் உள்ளவர்களில் பலருக்கு மூட்டு வலியும் வரும். சிலருக்கு மூட்டு வலிதான் முதலில் தலைகாட்டும். அப்படியானால் மாத்திரையால் நோய் வந்ததா, உள்ளே ஒளிந்திருந்த நோயால் மாத்திரை தேவைப்பட்டதா? ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்கனவே நோய் இருந்து அடங்கியிருப்பவர்களில் சிலருக்கு, வலி மாத்திரை சாப்பிட்ட சில நாளிலேயே அது மீண்டும் கிளம்பிவிடுகிறது.

ஒரே முகம், மூன்று ஆள்

நம் ஊரில் ஆபத்து வேறொரு பக்கமும் இருக்கிறது. குடலில் காச நோயும் வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் தெரிந்தால், அது காச நோயா, குரோன் நோயா, மாத்திரை செய்த வேலையா? பார்வைக்கு மூன்றும் ஒன்று போலவே இருக்கலாம். கைதேர்ந்த டாக்டர்களே திணறுவார்கள்.

காச நோய் என்றால் மாதக் கணக்கில் மருந்து. குரோன் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. இதைக் காச நோய்க்காரருக்குத் தவறிக் கொடுத்தால் காச நோய் பெருகிவிடும்! மாத்திரைப் புண் என்றால், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினாலே ஆறிவிடும்.

சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்று டாக்டர் கேட்பார். "ஒண்ணும் இல்லீங்க" என்பதுதான் பலர் சொல்லும் பதில். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல. உடம்பு வலி மாத்திரையை மருந்து என்றே அவர்கள் நினைப்பதில்லை!

டைக்ளோபினாக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். தாளில் மடித்துக் கொடுத்தால் எந்த மாத்திரை என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பெயர் அச்சடித்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். காலியான பிறகும் எறியாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. இருதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை, இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் மோரோடு நிற்காமல், மறுநாளே பஸ் ஏறிவிடுங்கள்.