குகைக்கு ஒரு கயிறு, அருவிக்கு ஒரு கயிறு: 'அப்சேலிங்' செல்லும் முன் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால், நம் இளைஞர்களின் திட்டங்களில் இப்போது குகைப் பயணமும் 'அப்சேலிங்' எனப்படும் கயிற்றில் இறங்கும் சாகசமும் இடம்பெறுகின்றன. பேராக் மாநிலத்தின் கோப்பெங் வட்டாரத்தில் குகை, ஆறு, அருவி மூன்றும் அருகருகே இருப்பதால் இளைஞர் மன்றங்களும் நண்பர் குழுக்களும் அங்கே படையெடுக்கின்றன. சற்றுத் துணிந்தவர்களின் கனவு சரவாக்கின் முலு குகைகள் வரை நீள்கிறது.

இத்தகைய பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கயிறு அறுந்துவிடாதே?" முறையான தரச்சான்று பெற்ற, நல்ல நிலையில் உள்ள கயிறு ஓர் ஆளின் எடையைத் தாங்காமல் அறுவது மிக அரிது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த உபகரணம் எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது? காய்ந்த குகையில் உயிரைக் காக்கும் ஒரு பழக்கம், அருவியில் உயிருக்கே உலை வைக்கலாம்.

இரண்டு சொற்கள், இரண்டு வழிகள்

இந்த விளையாட்டுக்கு உலகில் இரண்டு பெயர்கள் உண்டு. 'அப்சேல்' என்பது ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது; 'கயிற்றால் கீழே இறங்கு' என்று பொருள். 'ராப்பெல்' என்பது பிரெஞ்சு. அதற்குத் 'திரும்ப அழைத்தல்' என்று பொருள். இறங்கி முடித்த பிறகு கயிற்றைக் கீழிருந்தே இழுத்துத் திரும்பப் பெறுவதால் அந்தப் பெயர்.

இந்தச் சொற்பொருளிலேயே முக்கியமான வேறுபாடு அடங்கியிருக்கிறது. செங்குத்தான குகைக்குள் இறங்குபவர் பெரும்பாலும் அதே கயிற்றில்தான் மேலே ஏறி வர வேண்டும். அதனால் கயிறு கட்டிய இடத்திலேயே இருக்கும். மலை ஓடைப் பள்ளத்தாக்கில் அருவிகளைக் கடந்து செல்லும் 'கேன்யனிங்' பயணத்திலோ ஒவ்வோர் அருவியிலும் இறங்கியதும் கயிற்றை இழுத்துக்கொண்டு அடுத்த அருவிக்குச் செல்ல வேண்டும். இழுத்த பிறகு திரும்பி ஏற வழியில்லை. உபகரணத் தேர்வு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கயிறு: நீளக்கூடாத கயிறே வேண்டும்

பாறையேறிகள் பயன்படுத்தும் கயிறு 'டைனமிக்' வகை. ஏறுபவர் தவறி விழுந்தால் அதிர்ச்சியை உள்வாங்க அது ரப்பர்போல் சற்று நீளும். ஒருவர் அதில் தொங்கினாலே ஏறக்குறைய 8 விழுக்காடு நீளக்கூடும். 30 மீட்டர் கயிற்றில் அது 2 மீட்டரைத் தாண்டும். இறங்குபவர் மேலும் கீழும் ஊசலாட, பாறை விளிம்பில் கயிறு ரம்பம்போல் உரசும். கயிற்றின் உண்மையான எதிரி எடையன்று, இந்த உரசல்தான்.

ஆகவே இறங்குவதற்கு 'ஸ்டாட்டிக்' அல்லது குறைவாக நீளும் கயிறுதான் ஏற்றது. இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரநிலை இதற்கானது. சோதனையில் 5 விழுக்காட்டுக்கு மேல் நீளக்கூடாது என்பது அதன் விதி. கயிற்றின் முனையில் ஒட்டப்பட்ட சிறு பட்டையில் இந்த எண்ணையும் தடிமனையும் தயாரிப்பு ஆண்டையும் காணலாம். பட்டையே இல்லாத கயிற்றை ஒதுக்கிவிடலாம். வன்பொருள் கடையில் விற்கும் சாதாரண நைலான் கயிற்றுக்கு இங்கே இடமில்லை.

குகைக்கும் அருவிக்கும் இங்கேயும் வேறுபாடு உண்டு. குகைக் கயிறு சேற்றையும் கூரிய சுண்ணாம்புப் பாறையையும் தாங்க வேண்டும். மேலுறை கெட்டியாக இருக்க வேண்டும். அருவிக்கான கயிறு நீரைக் குறைவாக உறிஞ்சுவதாக இருப்பது நல்லது. சில கயிறுகள் நீரில் மிதக்கும்படியே செய்யப்படுகின்றன. நீருக்கடியில் மூழ்கிய கயிறு பாறை இடுக்கில் சிக்கினால் திரும்ப இழுக்க முடியாது. நீந்துபவரின் காலையும் அது சுற்றிக்கொள்ளும்.

இறங்கும் கருவி: கை விட்டால் என்ன ஆகும்?

கயிற்றோடு உரசி வேகத்தைக் கட்டுப்படுத்துவதே இறங்கு கருவியின் வேலை. எளிமையானது எட்டு வடிவ உலோகக் கருவி. விலை குறைவு, எடை குறைவு, நீரிலும் எளிதாகக் கையாளலாம். அதனால் அருவிகளில் இதுவும் இதன் மாற்று வடிவங்களும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் கயிற்றை முறுக்கிவிடும் குணம் இதற்கு உண்டு. கையை விட்டால் தானாக நிற்கவும் செய்யாது.

ஆழமான குகைகளுக்கு 'ராக்' என்னும் கருவி உண்டு. வளைந்த கம்பிச் சட்டத்தில் பல குறுக்குத் தண்டுகள் கோக்கப்பட்டிருக்கும். தண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ உரசலை மாற்றலாம். இது ஏன் தேவை? 10 மில்லிமீட்டர் கயிறு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ எடை இருக்கும். ஆழத்தின் உச்சியில் நிற்கும்போது அந்த எடை முழுவதும் கருவிக்குக் கீழே தொங்கி, பிரேக்கைப்போல் இழுக்கும். கீழே இறங்க இறங்க அந்த எடை குறைந்துகொண்டே வரும். உச்சியில் நகரவே மறுத்த கருவி அடிவாரத்தை நெருங்கும்போது வழுக்கத் தொடங்கும். இறங்கும்போதே உரசலை மாற்ற முடிவதுதான் 'ராக்' கருவியின் பயன்.

மூன்றாவது வகை, கைப்பிடியை விட்டால் தானே நிற்கும் கருவி. கேட்க மிகப் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் பயந்துபோனவர் கைப்பிடியை விடமாட்டார். இன்னும் இறுக்கிப் பிடிப்பார். சில பழைய வடிவங்களில் அப்படி இறுக்கினால் வேகம் கூடவே செய்யும். எந்தக் கருவியானாலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான். அந்தக் கை கயிற்றை விட்டு விலகக்கூடாது.

கருவியின்மேல் அது ஏற்கும் கயிற்றின் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மெல்லிய கயிற்றைப் பெரிய கருவியில் கோத்தால் உரசல் போதாது. விரைந்து இறங்கினால் உலோகம் சூடாகி, கயிற்றின் மேலுறையை உருக்கிவிடக்கூடும். மெதுவாக, ஒரே சீராக இறங்குவதே கயிற்றுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

ஒரே முடிச்சு, இரண்டு விளைவுகள்

இடத்துக்கேற்ற உபகரணம் என்பதன் பொருள் கயிற்றின் நுனியில் போடும் முடிச்சில் தெளிவாகத் தெரியும்.

இருண்ட குகையில் கயிறு தரையைத் தொடுகிறதா என்பது மேலிருந்து தெரியாது. கயிறு போதாமல் போனால் இறங்குபவர் நுனியிலிருந்து வழுக்கி விழுவார். இதைத் தடுக்கக் கயிற்றின் நுனியில் பெரிய முடிச்சு போடுவது குகையில் கட்டாயம். கருவி அந்த முடிச்சில் முட்டி நின்றுவிடும்.

அருவியின் அடியில் நீர்க்குளம் இருந்தால் அதே முடிச்சு பொறியாகிவிடும். கொட்டும் நீருக்கடியில் முடிச்சில் முட்டி நிற்பவரால் கயிற்றிலிருந்து விடுபட முடியாது. அதனால் அங்கே நுனியை முடிச்சின்றி விட்டு, நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை அளந்து விடுவார்கள். இறங்குபவர் நுனியைத் தாண்டி நேரே நீந்திச் செல்லலாம்.

தானே இறுகும் துணைக்கயிறும் இப்படித்தான். காய்ந்த இடத்தில், கை நழுவினாலும் அது ஆளைப் பிடித்து நிறுத்தும். அருவியின் நடுவே இறுகினால் முகத்தில் நீர் கொட்ட, மூச்சுவிட வழியின்றி அங்கேயே தொங்க நேரிடும். ஆகவே அருவியில் அனுபவமுள்ள வழிகாட்டிகள் கயிற்றை மேலே நிலையாகக் கட்டிவிடாமல், தேவைப்பட்டால் உடனே தளர்த்தி ஆளைக் கீழே இறக்கும்படி பூட்டி வைப்பார்கள். இறங்குபவர் சிக்கினால் அவரே போராட வேண்டியதில்லை; மேலே இருப்பவர் இறக்கிவிடுவார்.

உடலோடு சேர்ந்தவை

இடுப்பிலும் தொடையிலும் அணியும் 'ஹார்னஸ்' இறுக்கமாக, இடுப்பெலும்புக்கு மேல் உட்கார வேண்டும். குகைக்கான ஹார்னஸில் இணைப்புப் புள்ளி தாழ்வாக இருக்கும். மீண்டும் கயிற்றில் ஏற அது உதவும். அருவிக்கானதில் பாறையில் சறுக்கும்போது கிழியாமலிருக்க, பின்புறம் தடித்த பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும்.

'கராபினர்' என்னும் இணைப்புக் கொக்கி திருகிப் பூட்டும் வகையாக இருக்க வேண்டும். அதன்மேல் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் கொக்கி, குறுக்குவாக்கில் அல்லது வாய் திறந்த நிலையில் 7 கிலோநியூட்டன் அளவுதான் தாங்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடைக்குச் சமம். கொக்கி புரண்டிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது இதனால்தான்.

தலைக்கவசம் மலையேற்றத்துக்கான தரநிலை பெற்றதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இதற்கு ஈடாகாது. குகைக்குள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியான மூன்று விளக்குகள் இருக்க வேண்டும் என்பது குகை ஆய்வாளர்களிடையே நெடுநாள் வழக்கம். நீண்ட தலைமுடி, துப்பட்டா, தொளதொளத்த சட்டை நுனி ஆகியவை கருவிக்குள் இழுபடாமல் கட்டிக்கொள்வது பெண்களுக்கும் ஆண்களுக்கும் பொருந்தும் விதி.

குகையில் இன்னொரு விதியும் உண்டு: கயிற்றில் ஏறத் தெரியாதவர் இறங்கக்கூடாது. ஏறுவதற்கான பிடிகருவிகளும் கால் வளையமும் இல்லாமல் ஆழத்தில் மாட்டிக்கொண்டவர் அசைவின்றித் தொங்க நேர்ந்தால், ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டு மயங்கிவிடலாம். கீழே நின்று காப்பாற்றக் காத்திருக்க நேரம் இருக்காது.

பாறையும் மழையும்

நம் நாட்டின் குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில் உருவானவை. பத்துமலையும் கோப்பெங் அருகேயுள்ள தெம்புரோங் குகையும் முலுவும் அப்படித்தான். 1981இல் முலுவில் கண்டறியப்பட்ட 'சரவாக் சேம்பர்' சுமார் 600 மீட்டர் நீளமும் 435 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே அறை. இத்தகைய பாறையில் பளபளக்கும் படிவுகள் உறுதியாகத் தோன்றும். தட்டிப் பார்த்தால் உள்ளே பொத்தலாக இருக்கும். பாறையில் பதித்த இரும்பாணிகளும் வெப்பமண்டல ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகலாம். தாய்லாந்தின் கிராபி கடலோரப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே பழுதானதால், டைட்டேனியம் ஆணிகளைப் பதிக்க நேர்ந்தது. யாரோ எப்போதோ அடித்த ஓர் ஆணியை மட்டும் நம்பி இறங்குவது சூதாட்டம். ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி குறைந்தது இரண்டு பிணைப்புகள் வேண்டும்.

எந்த உபகரணத்தாலும் தடுக்க முடியாத ஒன்று நீர்ப்பெருக்கு. சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே 1999 ஜூலை 27ஆம் நாள் கேன்யனிங் சென்ற குழுவினரை மேல்பகுதியில் பெய்த மழையின் வெள்ளம் அடித்துச் சென்றது. வழிகாட்டிகள் உட்பட 21 பேர் மாண்டனர். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்றுநரும் சிக்கியதற்கும் மழைவெள்ளமே காரணம். நாம் 'கெப்பாலா ஆயர்' என்று அழைக்கும் திடீர்ப் பெருக்கும் இதே தன்மையது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்திருக்கலாம். நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலைகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர் கயிற்றையும் கருவியையும் உடனே வாங்க வேண்டியதில்லை. நல்ல காலணி, கையுறை, தலைக்கவசம், விளக்கு ஆகியவை முதலில் போதும். பழைய ஹார்னஸையும் கயிற்றையும் இணையத்தில் மலிவாக வாங்காதீர்கள். அவை எதையெல்லாம் பட்டன என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பேட்டரி அமிலம் பட்ட கயிறு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட துணிவகை உபகரணங்களை ஒதுக்கிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர்.

ஏற்பாட்டாளரிடம் பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

• கயிறும் ஹார்னஸும் எந்த ஆண்டு வாங்கியவை? ஆய்வுப் பதிவேடு உள்ளதா?

• இறங்குபவர் நடுவில் சிக்கினால் எப்படி மீட்பீர்கள்? மேலிருந்து இறக்க முடியுமா?

• கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பாரா?

• அருவி இரைச்சலில் குரல் கேட்காதே, என்ன சைகை, என்ன ஊதல் ஒலி?

• எவ்வளவு மழை பெய்தால் பயணத்தை ரத்து செய்வீர்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?

• வனக் காப்பகம் அல்லது தேசியப் பூங்காவின் அனுமதி பெற்றாயிற்றா?

கடைசிக்கு முந்திய கேள்வி சாதாரணமானதன்று. பணம் திரும்பக் கிடைக்காது என்றால் குழுவே மழையிலும் போகலாம் என்று வற்புறுத்தும். நல்ல ஏற்பாட்டாளர் இந்தக் கேள்விகளால் எரிச்சலடைய மாட்டார். கயிற்றை எடுத்துக் காட்டி விளக்குவார். மழுப்பலான பதில் வந்தால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடலாம்.

புறப்படும் முன், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். குகைக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. குறித்த நேரத்தில் நீங்கள் திரும்பாவிட்டால் 999 எண்ணை அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறைக்குச் சரியான இடத்தைச் சொல்ல அந்த ஒருவரால்தான் முடியும்.