ஃபிரிட்ஜில் ஒரு வாரம்

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா இறந்ததும் கண்களைத் தானம் கொடுத்தார்களாம். அதில் ஒன்றை எட்டாம் நாள்தான் ஒருவருக்குப் பொருத்தினார்கள் என்று தெரியவந்திருக்கிறது. “அத்தனை நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் வீணாகிவிடாதா? அப்புறம் எதற்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள்?” என்று கேட்கிறார்.

பொருத்துவது கருவிழியை மட்டும்தான், முழுக் கண்ணை அல்ல. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கருவிழியின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காகச் செல்கள் ஒட்டியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். கண்ணுக்குள் இருக்கும் நீர் ஓயாமல் கருவிழிக்குள் கசியும். இவை ஓயாமல் வெளியே இறைக்கும். எங்கள் ஊர்க் கழியில் ஓட்டை வத்தையில் போகும்போது ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் தகர டப்பாவால் தண்ணீரைக் கோரி ஊற்றிக்கொண்டே வருவார். அதே வேலைதான். இறைப்பது நின்றால் கருவிழி உப்பி வெளுத்துவிடும். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். செத்தது மறுபடி முளைக்காது. பக்கத்துச் செல் அகன்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். 500-க்குக் கீழே போனால் சமாளிப்பது கஷ்டம்.

ஆக, கருவிழியைச் சேமிப்பது என்றால் இந்தச் செல்களைச் சேமிப்பது. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இவற்றின் பசி அடங்கிவிடும். கூடவே இறைக்கும் வேலையும் நின்றுபோகும். அதை ஈடுகட்ட, சேமிப்புக் கரைசலில் டெக்ஸ்ட்ரான், காண்ட்ராய்டின் சல்பேட் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். தண்ணீரை அவை தம் பக்கம் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் குப்பி, அதற்குள் ரோஸ் நிறத் திரவம், வெள்ளை விளிம்போடு ஒரு வட்டம். அந்த ரோஸ் நிறம் அழகுக்காக இல்லை. ஃபீனால் ரெட் என்ற சாயம் அது. கிருமி வளர்ந்து அமிலம் கூடினால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். செல்களை எண்ணுவதற்கு முன் குப்பியை வெளியே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிடுவார்கள். குளிர் விட்டதும் செல்கள் மெல்ல வேலையைத் தொடங்கும்; ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பில் அறுகோணம் அறுகோணமாகத் தெளிவாகத் தெரியும். செத்துப்போன ஒருவரின் கண்ணில் இது நடக்கிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

1964-இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவிய டாக்டர் ஹட்சன் சில்வா சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில். முழுக் கண்ணை ஈரம் காயாமல் வைத்து, இரண்டு நாளுக்குள் பொருத்தியாக வேண்டிய காலம் அது. 1974-இல் வந்த மெக்கேரி–காஃப்மன் கரைசல் நான்கு நாள் தவணை தந்தது. இன்று 14 நாள் தாங்கும் கரைசலை மதுரை அரோலேப்பே தயாரிக்கிறது. ஐரோப்பாவில் குளிரே வேண்டாமென்று 31 முதல் 37 டிகிரிச் சூட்டில் நான்கு வாரம் வரை வளர்ப்பு ஊடகத்தில் வைக்கிறார்கள்.

சரி, எட்டாம் நாள்? அமெரிக்காவில் உள்ளடுக்கை மட்டும் மாற்றும் சிகிச்சை பெற்ற 1,330 கண்களைப் பின்தொடர்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நாளுக்குள் பொருத்தியவற்றில் மூன்றாண்டுகள் கழித்தும் 95.3 சதவீதம் நன்றாக இருந்தன. 8 முதல் 14 நாள் வரை வைத்தவற்றில் 92.1. 12 முதல் 14 நாள் வரை வைத்தவற்றில்தான் 89.3 என்று இறங்கியது. எட்டாம் நாளில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ராத்திரி ஓட்டமெல்லாம் குப்பிக்குள் போகும்வரைதான். மூச்சு நின்றதும் கருவிழி வாடத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நம் வீடுகளிலோ தலைமாட்டில் ஃபேன் சுழல்கிறது, இமைகள் அரைகுறையாகத் திறந்திருக்கின்றன, பெரிய மாமா வந்தபிறகு போன் பண்ணலாம் என்று காத்திருக்கிறார்கள். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தினாலே போதும். இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள், இத்தனை ஜோடிக் கண்கள் பெற்றோம் என்று பேனர் கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றில் எத்தனை பார்வை தந்தன என்று எழுதிய பேனரை நான் பார்த்ததில்லை.

செல் தேறாத கருவிழிகளில் சிலவற்றைக் கிளிசரினில் போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பதும் உண்டு. அவற்றில் உயிர் இல்லை, பார்வை தராது. ஆனால் புண்ணாகி ஓட்டை விழுந்த கண்ணை அவசரத்துக்கு அடைத்து, கண்ணே போய்விடாமல் காப்பாற்ற அது உதவும்.