வேளாண்மை பாடிய நீலாவணன்

கிழக்கிலங்கையின் நற்பிட்டிமுனையில் வயல் வட்டையோரம் நின்று வடதிசையை நோக்கினால், பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் அப்பால், தன் ஊரின் பெயரையே புனைபெயராகச் சூடிக்கொண்ட ஒரு கவிஞர் பிறந்த பெரியநீலாவணை இருக்கின்றது. கே. சின்னத்துரை என்னும் இயற்பெயருடைய நீலாவணன் 1931ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி ஜனனமாகி, ஆசிரியத் தொழில் புரிந்து, 1975 ஜனவரி 11ஆம் திகதி, நாற்பத்து நான்கு வயது நிரம்புமுன்னரே அமரரானார்.

கல்முனையில் அவர் முன்னின்று நடத்திய எழுத்தாளர் சங்கத்திலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயில் அமர்ந்து கவிதை பேசினர். எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் முதலிய படைப்பாளிகள் அவரோடு நெருங்கிப் பழகியவர்கள்.

'வழி' என்னும் கவிதைத் தொகுதி அவர் மறைவின் பின் 1976இலும், 'வேளாண்மை' என்னும் காவியம் 1982இலும் நூலுருப் பெற்றன. வேளாண்மை என்பது ஏனைய பிரதேசத்தார்க்கு ஒரு தொழிலின் நாமம். கிழக்கிலங்கையரான நமக்கோ வயலில் நிற்கும் பயிரே வேளாண்மை. அந்தப் பயிரையும், அதனை நம்பி வாழும் குடும்பங்களையும், அவர்தம் வாய்மொழியின் வாசனை கெடாமல் காவியமாக்கத் துணிந்தமையே, என் சித்தத்தில், அவருடைய மகத்தான சாதனை.

மாரிப்போகத்து வேளாண்மை கதிர் தள்ளும் தை மாதத்தை அண்டியே வருகின்றது அவருடைய நினைவு தினம்.