முதுகில் கத்தி வைக்கலாமா?

எலியட்ஸ் கடற்கரையில் மாலை நடை போகும் பெரியவர்களில் சிலர், கொஞ்ச தூரம் போனதுமே நடைபாதைச் சுவரில் உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சு வாங்காது; கால்தான் கனத்து மரத்துப்போகும். குனிந்து உட்கார்ந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கதை. வயசாச்சு என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்கு அது இடுப்பில் முதுகெலும்புக் குழாய் குறுகியதன் அறிகுறி.

குழாயின் முன்னால் டிஸ்க் புடைக்கிறது, பின்னால் மஞ்சள் நிறத் தசைநார் தடிக்கிறது, பக்கத்து மூட்டுகளும் பெருக்கின்றன. நடுவில் நரம்புகள் நசுங்குகின்றன. குனிந்தால் அந்தத் தசைநார் இழுபட்டுக் கொஞ்சம் இடம் விடும். உட்கார்ந்ததும் கால் லேசாவது அதனால்தான்.

மருந்தும் உடற்பயிற்சியும் பலருக்குப் போதும். போதாதவர்களிடம் ஆபரேஷன் என்றதும், 'முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்' என்பார்கள். ஆனால் தண்டுவடம் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். இந்த அறுவை பெரும்பாலும் நடப்பது அதற்குக் கீழே; அங்கே இறங்குவது நரம்புக் கொத்து மட்டுமே.

நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைக்கும்போது வயிறு அழுந்தாமல் பார்த்துக்கொள்வார்கள். அழுந்தினால் ரத்தக்கசிவு கூடும். எக்ஸ்ரேயில் இடத்தை உறுதிசெய்து, தசையை விலக்கி, லேமினா என்ற எலும்புத் தகட்டை டிரில்லால் தேய்த்து மெலிதாக்குவார்கள். மிச்சத்தைக் கெரிசன் என்ற கருவி துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுக்கும். தசைநாரையும் நீக்கியதும், அமுங்கிக் கிடந்த நரம்புறை விரிந்து துடிக்கத் தொடங்கும். நுண்ணோக்கியில் அந்தத் துடிப்பைத்தான் மருத்துவர் எதிர்பார்க்கிறார். உறை கிழிவது, கிருமித்தொற்று போன்ற ஆபத்துகள் உண்டு. கால்வலி குறையும் அளவுக்கு இடுப்புவலி குறையும் என்றும் சொல்ல முடியாது. இருந்தும் பலர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள்.

இந்த அறுவையைச் செய்யும் நரம்பியல் அறுவைத் துறை நமக்குப் புதிதல்ல. 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். ராமமூர்த்தி பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் அதற்கொரு மையத்தை உருவாக்கினார்.

பயப்பட வேண்டியது தள்ளிப்போடுவதற்குத்தான், அதுவும் குழாய் குறுகுவது கழுத்தில் என்றால். அங்கே நசுங்குவது தண்டுவடமே. வலியே இல்லாமல்கூட வரும்: சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், செருப்பு நழுவுவது தெரியாது, நடை தள்ளாடும். அறுவை முதலில் செய்வது, மேலும் கெடாமல் தடுப்பது. இழந்த பலம் முழுதும் திரும்பும் என்று உறுதியில்லை. இடுப்பிலும் தள்ளிப்போடக் கூடாத ஒரு நிலை உண்டு. சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது; ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.