ஆய்வு வாசல் – 9: முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த காலத்தில் அனுராக் ஆச்சார்யாவுக்கு வேண்டிய கட்டுரை நூலகத்தில் கிடைக்காவிட்டால், எழுதியவருக்கே கடிதம் போட்டுக் கேட்பார். சிலர் பிரதி அனுப்புவார்கள். சிலரிடமிருந்து பதிலே வராது. பின்னாளில் கூகுளில் பொறியாளரான அவரும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘கூகுள் ஸ்காலர்’ என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறி. 2004 நவம்பரில் வெளிவந்தது.

இன்று பேருந்தில் நின்றபடியே கைபேசியில் ஆய்வுக் கட்டுரை தேடலாம். ஆனால் மாணவர்களில் பலர் ஒரே ஒரு சொல்லை அடித்து, முதல் பக்கத்தில் வந்ததில் இரண்டு பி.டி.எஃப்-ஐ இறக்கிக்கொண்டு, தேடல் முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் தேடல் தொடங்குகிறது.

தஞ்சை கிராமங்களில் சாதியும் நிலவுடைமையும் எப்படி மாறின என்று ஒரு மாணவி ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் இன்றைய வழக்கப்படி ‘தஞ்சாவூர்’ என்று மட்டும் அடித்தால், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட முக்கியமான நூல் அவர் கண்ணில் படாமலே போகலாம். அதன் துணைத்தலைப்பில் இருப்பது ‘டாஞ்சூர்’. மானிடவியலாளர் கேத்லீன் காஃபின் பழைய கட்டுரைகளிலும் அதே பெயர்தான். திருநெல்வேலிக்கு ‘டின்னவெலி’, திருச்சிக்கு ‘டிரிச்சினோபோலி’ என்று நம் ஊர்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பழைய ஆங்கில வடிவம் உண்டு. இரண்டையும் தேடிப் பார்க்காதவர், தன் தலைப்பில் யாருமே எழுதவில்லை என்று தவறாக முடிவுகட்டிவிடுவார்.

கூகுள் ஸ்காலரில் நூல் கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியது, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ‘சைட்டட் பை’ என்ற இணைப்பு. அதைத் தட்டினால், பெத்தேயைப் பின்னாளில் யார் யார் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடலாம். ஆண்டு வாரியாகச் சுருக்கலாம். நூலின் அடிக்குறிப்புகள் பின்னோக்கி அழைத்துப்போகும். இந்த இணைப்பு முன்னோக்கி அழைத்துவரும். ஒரு நல்ல நூலைப் பிடித்துக்கொண்டு இப்படி இரு திசையிலும் நடந்தால் ஒரு துறையின் அறுபது ஆண்டு விவாதம் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. எடுத்தாண்டோர் எண்ணிக்கை ஒருபோதும் தரச்சான்று ஆகாது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு குழு 12 குழந்தைகளை வைத்து 1998-இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. 2010-இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. பலர் மறுப்பதற்காகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்து மயங்கினால் ஏமாற்றம்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். சாட்ஜிபிடி சொன்ன, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. செயலி தரும் ஒவ்வொரு தலைப்பையும் தேடி, கட்டுரையைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இந்திய ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ போல் வேறொன்று இல்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இத்தளத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் நிறைய உண்டு. பழந்தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. ஈழத்து எழுத்துகளுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணையதளம் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் தமிழ்ப் படைப்புகள் மிகக் குறைவு என்பதால், தமிழாய்வு மாணவர்கள் இங்கிருந்து தொடங்குவதே சரி.

கட்டுரை கண்ணுக்குத் தெரிந்தும் கட்டணச் சுவர் மறித்தால் உடனே விட்டுவிட வேண்டியதில்லை. கூகுள் ஸ்காலரின் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ இணைப்பில் இலவசப் பிரதி கிடைக்கக்கூடும். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட மத்திய அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா, எப்படி உள்நுழைவது என்று இந்த வாரமே நூலகரைப் போய்க் கேளுங்கள்.